நலமாக இருப்பவர் மூக்கில் ஃப்ளூ வைரஸை விட்டு மருந்தைச் சோதிக்கலாமா?

கார்குழலி (நெல்லை)

வணக்கம். ஒரு வாரமாக மனத்தைக் குடைந்துகொண்டிருக்கும் விஷயம் இது. மருத்துவம் தெரிந்தவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

மாமாவுக்கு ஃப்ளூ வந்தது. அத்தைக்கு ஏற்கெனவே நுரையீரல் தொந்தரவு உண்டு. அதனால் காய்ச்சல் வராத அத்தைக்கும் முன்னெச்சரிக்கையாக ஓசெல்டாமிவிர் மாத்திரை எழுதிக் கொடுத்தார் டாக்டர். டாமிஃப்ளூ என்றால் பலருக்கும் தெரியும். நோயே வராதவருக்கு மாத்திரை எதற்கு, இது தடுக்கும் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று தேடிப் பார்த்தேன். கிடைத்தது இதுதான்.

1997 ஜூன், ஜூலையில் அமெரிக்காவில் இரண்டு பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரிகள் நடத்திய ஆய்வு. 18 முதல் 40 வயதுக்குள் 117 பேர். அதில் பாதிப் பேர் 21 வயதோ அதற்கும் கீழோ. ஆளுக்கு ஓர் ஓட்டல் அறை. எல்லோரும் நல்ல உடல்நலத்தோடு இருந்தவர்கள். அவர்கள் மூக்கில் ஃப்ளூ வைரஸை விட்டார்கள். சிலருக்கு வைரஸ் விடுவதற்கு 26 மணி நேரம் முன்பே மருந்து, சிலருக்கு 28 மணி நேரம் கழித்து. மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை.

இப்படிச் செய்வதற்கு 'சேலஞ்ச் ஆய்வு' என்று பெயராம். 2023 ஜூலையில் நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) கூட இந்தியாவில் இதை எந்த நெறிகளோடு நடத்தலாம் என்று ஒரு கொள்கை வரைவை வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டிருக்கிறது.

எனக்கு இது சரியாகப் படவில்லை. காரணம் என் தம்பி. டிப்ளமோ முடித்து வேலை இல்லாமல் இருந்தபோது, மாத்திரைகளை ஆட்களிடம் சோதிக்கும் ஒரு நிறுவனத்துக்குப் போய் வந்தான். கையில் ஊசிக்குழாயைச் செருகி, மணிக்கணக்கு வைத்து ரத்தம் எடுப்பார்கள். ஒரு முறை போனால் மூன்று மாதம் இடைவெளி விட வேண்டும் என்பது விதி. அவன் ஒன்றரை மாதத்திலேயே வேறோர் ஊரில் வேறொரு நிறுவனத்துக்குப் போனான். முழங்கை மடிப்பில் இருந்த பழைய தழும்பைப் பார்த்தும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனும் காகிதத்தில் தன்னார்வலர்தான். கையெழுத்து இருக்கிறது. ஆனால் அவனுக்கு அன்று ஆர்வம் எதில் இருந்தது என்று எனக்குத் தெரியும். அடுத்த மாத ஹாஸ்டல் வாடகையில்.

ஊரெல்லாம் ஃப்ளூ வருகிறது. மருத்துவமனை வாசலில் நோயாளிகள் நிற்கிறார்கள். அப்படியிருக்க, நோயில்லாதவருக்கு நோயைக் கொடுத்துத்தான் மருந்தைப் பார்க்க வேண்டுமா?


இளம்பரிதி (மருந்தியல் ஆசிரியர்)

உங்கள் தம்பிக்கு நடந்தது தவறு. அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் கடைசியில் கேட்டீர்களே, அதற்குப் பதில் இருக்கிறது.

வந்த நோயைக் குணப்படுத்தும் மருந்து என்றால் மருத்துவமனை வாசலில் சோதிக்கலாம். வராமல் தடுக்கும் மருந்தை அங்கே சோதிக்க முடியாது, ஏனென்றால் அங்கே நிற்பவருக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. நலமாக இருப்பவரிடம்தான் பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு வழிதான். ஒன்று, ஆயிரக்கணக்கானோருக்கு மாத்திரை கொடுத்து, குளிர்காலம் முழுக்கக் காத்திருந்து, யாருக்கு ஃப்ளூ வருகிறது என்று எண்ணுவது. இன்னொன்று நீங்கள் படித்த வழி.

முதல் வழியையும் அதே மருந்துக்குச் செய்தார்கள். 1997-98 குளிர்காலம், 1,559 பேர், ஆறு வாரம் தினமும் மாத்திரை. போலி மாத்திரை எடுத்தவர்களில் ஃப்ளூ வந்தது 4.8 சதவீதம் பேருக்குத்தான். மருந்து எடுத்தவர்களில் 1.2, 1.3 சதவீதம். வித்தியாசம் நல்ல வித்தியாசம். ஆனால் அதைக் கண்ணால் பார்க்க அத்தனை ஆயிரம் மாத்திரையை, நோய் வரப்போகாத பெரும்பான்மையினரும் விழுங்க வேண்டியிருந்தது. மருந்து பயனற்றதாகவோ கெடுதலாகவோ இருந்திருந்தால்?

ஓட்டல் அறை ஆய்வின் தடுப்புப் பகுதியில் கணக்கில் வந்தவர்கள் 33 பேர். போலி மாத்திரை எடுத்த 12 பேரில் 8 பேருக்குத் தொற்று, 6 பேரின் மூக்கிலிருந்து வைரஸ் வெளியேறியது. மருந்து எடுத்த 21 பேரில் ஒருவரிடமிருந்துகூட வைரஸ் வெளிவரவில்லை, ஒருவருக்குக்கூடத் தொற்றால் வரும் சுவாச நோய் தலைகாட்டவில்லை. 33 பேரில் இவ்வளவு தெளிவு கிடைத்ததற்குக் காரணம், வைரஸ் எந்த நிமிடம் உடலுக்குள் போனது, எவ்வளவு போனது, அதற்கு முன் எத்தனை வேளை மருந்து போயிருந்தது எல்லாம் தெரியும் என்பதுதான். ஊருக்குள் நடக்கும் ஆய்வில் இதில் எதுவுமே தெரியாது.

இன்னொன்று. யாரையோ பிடித்து வைரஸைக் கொடுப்பதில்லை. முதலில் ரத்தம் எடுத்து, அந்த வைரஸுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவாக உள்ளவர்களை மட்டும் பொறுக்குவார்கள். இதயம், நுரையீரல், சிறுநீரகம் எல்லாம் பார்ப்பார்கள். பிரான்ஸைச் சேர்ந்த குழு ஒன்று 2008இல் இப்படிப்பட்ட 56 ஆய்வுகளை, 1,280 பேரின் தகவலைத் தொகுத்தது. வைரஸ் ஏற்றப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்குத்தான் ஏதாவது அறிகுறி தெரிந்தது. வைரஸ் வெளியேற்றம் இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போய், சராசரியாக ஐந்து நாளுக்குள் அடங்கியது. வகுப்பறையில் பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளையிடமிருந்து வரும் ஃப்ளூவைவிட இது கடுமையானது இல்லை.


சாதிக் (திருச்சி)

இளம்பரிதி சார், இது ஒரு பக்கத்து எண்கள் மட்டும். அதே 33 பேரில் தொற்று ஏற்பட்டதா என்று ரத்தத்தைச் சேர்த்துப் பார்த்தால் மருந்து எடுத்த 21 பேரில் 8 பேருக்கு ஏற்பட்டிருக்கிறது. 38 சதவீதம். போலி மாத்திரையில் 67. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதுதான் புள்ளியியல் சொன்ன முடிவு. அதாவது மருந்து தொற்றையே நிறுத்துகிறது என்று அந்த ஆய்வு காட்டவில்லை. உள்ளே போன வைரஸ் பெருகி வெளியே வராமல் அமுக்குகிறது என்று காட்டியது. இரண்டும் ஒன்றல்ல. கார்குழலி அக்காவின் அத்தைக்கு எது வேண்டும் என்பது வேறு கேள்வி.

நான் சேலஞ்ச் ஆய்வை நெறி பற்றிய காரணத்துக்காக எதிர்க்கவில்லை. அதன் முடிவை வைத்து வெளியே என்ன செய்கிறார்கள் என்பதுதான் எனக்குக் கவலை.

ஜப்பானில் கெய்ஜி ஹயாஷி என்று ஒரு குழந்தை மருத்துவர். டாமிஃப்ளூ சிக்கல்களைக் குறைக்கிறது என்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு 2009இல் ஒரு கேள்வி எழுப்பினார். அந்த முடிவு பத்து ஆய்வுகளைத் திரட்டிய ஒரே கட்டுரையை நம்பி எழுதப்பட்டது, அந்தப் பத்தில் இரண்டுதான் முழுதாகப் பிரசுரமாகியிருக்கின்றன, மற்ற எட்டும் எங்கே? அவ்வளவுதான் கேள்வி. அதற்குப் பதில் வாங்க, டாமிஃப்ளூவைத் தயாரிக்கும் ரோஷ் நிறுவனத்தோடு நான்கு ஆண்டு போராட்டம். காக்ரேனின் டாம் ஜெஃபர்சன், பீட்டர் டோஷி குழுவினர் முழு ஆய்வறிக்கைகளையும் கையில் வாங்கிப் படித்து 2014இல் சொன்னது: பெரியவர்களுக்கு ஃப்ளூ அறிகுறிகள் நீடிக்கும் காலம் குறைவது சராசரியாக 16.8 மணி நேரம். தடுப்பு மருந்தாக எடுத்தால் அறிகுறியுள்ள ஃப்ளூ ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. குமட்டல், வாந்தி அதிகம். மருத்துவமனைச் சேர்க்கையைக் குறைக்கிறது என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. அதற்குள் பிரிட்டன் மட்டும் 424 மில்லியன் பவுண்டுக்கு மாத்திரை வாங்கி அடுக்கியிருந்தது.

ஓட்டல் அறையில் 100 சதவீதம். ஊருக்குள் வந்தபோது ஏறக்குறைய பாதி. 21 வயதுக்காரரிடம் நூறு காட்டியதை வைத்து மற்றவர்களுக்கு ஒரு மருந்தின் மேல் நம்பிக்கை ஊட்டலாமா?


மல்லிகா (ஓய்வு பெற்ற செவிலியர்)

எல்லாருக்கும் வணக்கம். எண்கள் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. 2009இல் பன்றிக் காய்ச்சல் வந்தபோது நான் தனி வார்டில் பணியில் இருந்தேன். மாதிரிகளைக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்கு அனுப்பிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த காலம்.

வார்டில் வேலை செய்த எங்களுக்கெல்லாம் தினம் ஒரு 75 மி.கி. டாமிஃப்ளூ மாத்திரை, பத்து நாள். வாங்கிப் போட்டுக்கொண்டோம். என்னோடு இருந்த ஒரு பெண்ணுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. மாத்திரை போட்டு அரை மணி நேரத்தில் ஓடிப்போய் வாந்தி எடுப்பாள், வாய் கொப்பளித்துவிட்டு வந்து மாஸ்க்கை மறுபடி கட்டிக்கொண்டு அடுத்த படுக்கைக்குப் போவாள். மூன்றாம் நாள் நான்தான் சொன்னேன், சோறு சாப்பிட்ட கையோடு போடு என்று. அப்புறம் கொஞ்சம் பரவாயில்லை. வீட்டில் அவளுக்குக் கைக்குழந்தை இருந்தது. "இது வேலை செய்யுமா சிஸ்டர்?" என்று என்னைக் கேட்டாள். செய்யும் என்று சொன்னேன். எதை வைத்துச் சொன்னேன்? எவரோ எங்கேயோ சோதித்துப் பார்த்திருப்பார்கள் என்ற நம்பிக்கையில் சொன்னேன்.

இப்போது இதைப் படிக்கும்போது, அந்த 33 பேரில் ஒருவர் நான் சொன்ன பதிலுக்குத் தன் மூக்கைக் கொடுத்திருக்கிறார் என்று தெரிகிறது. அவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். சோதிக்காத மருந்தை வார்டுக்கு அனுப்பினால் அந்தச் சோதனை எங்கள் உடம்பில்தான் நடக்கும். கையெழுத்து வாங்காமல்.

அப்போது அன்னாசிப்பூவைக் கொதிக்க வைத்துக் குடித்தவர்கள் பலர். அந்த மாத்திரைக்கு மூலப்பொருள் பிரியாணிக்குப் போடும் அந்தப் பூவிலிருந்துதான் எடுக்கிறார்கள் என்று பேப்பரில் வந்திருந்தது. மூலப்பொருள் வேறு, மருந்து வேறு என்று நோயாளிகளிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.


கார்குழலி

சிஸ்டர், நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நீங்கள் சொல்லும் நன்றிக்கடன் எனக்கும் புரிகிறது. ஆனால் யாருக்கு நன்றி சொல்கிறோம் என்பதைப் பின்னோக்கிப் பார்த்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

1918 பெருந்தொற்றின்போது பாஸ்டனிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் நோயாளிகளின் சளியை எடுத்து நலமாக இருந்தவர்கள் மூக்கிலும் தொண்டையிலும் விட்டுப் பார்த்தார்கள். பாஸ்டனில் அதற்கு வந்தவர்கள் கடற்படைச் சிறையில் இருந்த இளைஞர்கள். மன்னிப்புக் கிடைக்கும் என்று சொல்லி அழைத்து வந்தார்கள். ஒருவருக்கும் நோய் வரவில்லை என்பது அவர்கள் அதிர்ஷ்டம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மிச்சிகனில் மனநோய் மருத்துவமனையில் இருந்தவர்களிடம் தடுப்பூசியைச் சோதித்து, பிறகு வைரஸையும் கொடுத்தார்கள். 1960களில் அமன்டடின் என்ற முதல் ஃப்ளூ தடுப்பு மாத்திரையை மேரிலாந்தில் சிறைக் கைதிகளிடம் சோதித்தார்கள். சிறைவாசி, மனநோயாளி, பிறகு பணம் தேவைப்படும் மாணவர். பேராசிரியர்களும் மருந்து நிறுவன இயக்குநர்களும் அந்த ஓட்டல் அறைகளில் படுத்திருந்ததாக எங்கேயும் படிக்கவில்லை.

இளம்பரிதி சார், பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளையிடமிருந்து வருவதைவிடக் கடுமை இல்லை என்றீர்கள். அப்படியானால் ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லையா?


இளம்பரிதி

ஆகியிருக்கிறது. முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

பெராமிவிர் என்ற இன்னொரு மருந்தை மாத்திரையாகக் கொடுத்துச் சோதித்த காலத்தில், இன்ஃப்ளுயன்சா பி வைரஸ் ஏற்றப்பட்ட ஒரு தன்னார்வலருக்கு இதயத் தசை பாதிப்பு கண்டறியப்பட்டது. வைரஸால்தான் வந்தது என்று உறுதியாக நிறுவ முடியவில்லை, இல்லை என்று தள்ளவும் முடியவில்லை. அதன் பிறகு அமெரிக்காவில் ஃப்ளூ சேலஞ்ச் ஆய்வுகள் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஏறத்தாழ நின்றே போயின. பெதஸ்டாவில் உள்ள தேசிய சுகாதார நிறுவனத்தில் மேத்யூ மெமோலி குழு மறுபடி தொடங்கியபோது மிகக் குறைந்த அளவு வைரஸிலிருந்து ஆரம்பித்துப் படிப்படியாக ஏற்றினார்கள். தங்கல் ஓட்டலில் இல்லை, மருத்துவமனையின் தனி வார்டில். இதயத்தையும் கூடவே கண்காணித்தார்கள்.

கைதிகள் பற்றி நீங்கள் எழுதியது அத்தனையும் உண்மை. அந்த வெட்கத்திலிருந்துதான் விதிகள் வந்தன. 1978இல் அமெரிக்கா கைதிகளிடம் ஆய்வு நடத்துவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. ஆனால் பழைய அநியாயம் ஆட்களைப் பிடித்த விதத்தில் இருந்தது. கட்டாயப்படுத்தாமல், உண்மையைச் சொல்லி, மறுக்கவும் பாதியில் எழுந்து போகவும் உரிமை கொடுத்து நடத்தினால் அதே முறை அநியாயம் ஆகாது என்பது என் கருத்து. இங்கிலாந்தில் சாலிஸ்பரியில் 1946 முதல் 1990 வரை ஜலதோஷ ஆய்வு மையம் ஒன்று இருந்தது. பத்து நாள் தங்கல், ரயில் செலவு, கைச்செலவுக்குச் சிறு தொகை. ஆயிரக்கணக்கானோர் போனார்கள், திரும்பத் திரும்பப் போனவர்களும் உண்டு. மனிதரைத் தாக்கும் கொரோனா வைரஸ் வகைகளில் ஒன்றை 1960களில் அங்கேதான் அடையாளம் கண்டார்கள்.


பிரபு (ஈஸ்ட் ஹாம், லண்டன்)

இந்தத் திரியை மூன்று நாளாகப் படிக்கிறேன். நான் அந்த அறையில் இருந்தவன். அதனால் எழுதுகிறேன். எங்கே என்று சொல்ல மாட்டேன்.

வேலை போய் நாலு மாதம் ஆகியிருந்தது. விளம்பரம் பார்த்துப் பதிந்தேன். முதலில் ரத்தம் எடுத்தார்கள். என்னோடு வந்த நண்பனுக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு ஒரு பெண் மருத்துவர் என்னோடு முக்கால் மணி நேரம் இருந்து கதைத்தார். படிவம் இருபது பக்கத்துக்கு மேல். இதயத் தசை அழற்சி பற்றி அதில் எழுதியிருந்தது, வாயாலும் சொன்னார். விளங்கியதா என்று என்னையே திருப்பிச் சொல்லச் சொன்னார்.

அறையின் யன்னல் திறக்காது. இரண்டாம் நாள் கட்டிலில் மல்லாக்கப் படுக்கச் சொல்லி, தலையைப் பின்னுக்குச் சரித்து, ஒவ்வொரு மூக்குத் துவாரத்திலும் மெல்லிய குழாயால் விட்டார்கள். தண்ணீர் மாதிரித்தான், குளிர்ச்சியாக இருந்தது. தொண்டைக்குள் இறங்கும்போது விழுங்க வேண்டாம் என்றார்கள். கொஞ்ச நேரம் அப்படியே கிடக்க வேணும்.

மூன்றாம் நாள் தடிமன் பிடித்தது. காய்ச்சல் 38ஐ ஒட்டி ஒரு இரவு. கால் இரண்டும் முறித்துப் போட்ட மாதிரி உளைவு. மூக்குச் சிந்தும் ஒவ்வொரு கடதாசியையும் எண்ணிட்ட பைக்குள் போட வேண்டும், ஒரு நாள் முடிய அதை எடுத்துக்கொண்டு போய் நிறுப்பார்கள். எவ்வளவு சளி என்று கிராம் கணக்கில் பார்க்க. என் உடம்பிலிருந்து வந்த எதையும் இவ்வளவு அக்கறையாக யாரும் பார்த்ததில்லை. அம்மாவுக்குச் சொல்லாமல் போயிருந்தேன், அழைப்பெடுத்தபோது குரலைக் கேட்டுக் கண்டுபிடித்துவிட்டார்.

பரிசோதனையில் வைரஸ் இல்லை என்று வரும்வரை வெளியே விடவில்லை. மொத்தம் பதினொரு இரவு. மூவாயிரம் பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே கிடைத்தது.

கார்குழலி அக்கா, பணத்துக்குத்தான் போனேன். அதை மறைக்கவில்லை. ஆனால் என்னை யாரும் ஏமாற்றவும் இல்லை. அதே நாலு மாதத்தில் ஒரு பண்டகசாலையில் கொஞ்ச நாள் இரவு வேலை செய்தேன், அங்கே முதுகு பிடித்துப் போனபோது ஒருத்தரும் முக்கால் மணி நேரம் இருந்து எனக்கு விளக்கவில்லை.


கார்குழலி

தம்பி பிரபு, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மிக்க நன்றி. உன் பதிவைத் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். அவன் கேட்டது ஒன்றுதான்: "அவங்க உட்கார்ந்து விளக்கினாங்களா?" அவனுக்குப் படிவத்தில் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிக் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார்களாம்.

அப்படியானால் என் எதிர்ப்பைத் திருத்திச் சொல்கிறேன். லண்டனில் வேலையில்லாதவனுக்கு இலவச மருத்துவம் இருக்கிறது. மூவாயிரம் பவுண்டு இல்லாவிட்டாலும் ஏதோ ஓர் உதவித்தொகை இருக்கிறது. அங்கே 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு வர முடியும். இங்கே அந்தத் தொகைக்கு ஈடான பணத்தைக் காட்டினால் என் தம்பி மாதிரி ஒருவனால் மறுக்க முடியுமா? அதே படிவம், அதே முக்கால் மணி நேரம் கொடுத்தாலும்கூட?


இளம்பரிதி

இது கடினமான கேள்வி. பணத்தைக் குறைத்தால் ஆபத்தைக் குறைந்த விலைக்கு வாங்குகிறோம். கூட்டினால் மறுக்க முடியாதபடி செய்கிறோம். எங்கள் கல்லூரி நெறிமுறைக் குழுவில் நான் உறுப்பினன். சாதாரண மருந்து ஆய்வுகளிலேயே இந்த விவாதம் வரும், முடிந்ததே இல்லை. இழந்த வேலை நாட்கள், பயணம், தங்கல் இவற்றுக்கு ஈடாகத் தொகையைக் கணக்கிட வேண்டும் என்பது என் நிலை. இந்தியாவின் 2019 மருந்து ஆய்வு விதிகளின்படி ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. ஏட்டில் உள்ளது நடைமுறையில் எத்தனை பேருக்குப் போய்ச் சேருகிறது என்று கேட்டால், உங்கள் தம்பியின் தழும்புதான் பதில். மூன்று மாத இடைவெளியையே கண்காணிக்க முடியாத இடத்தில் வைரஸைக் கையில் கொடுக்கக் கூடாது என்று நீங்கள் சொன்னால், அதை நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் முறையையே வேண்டாம் என்று சொல்லாதீர்கள். சாதிக், நீங்கள் கேட்டதற்கும் வருகிறேன். ஓட்டல் அறையோடு நிறுத்தவில்லை. முதியோர் இல்லங்களில் 548 பேரிடம் ஆறு வாரம் அதே மாத்திரையைப் பார்த்தார்கள். பெரும்பாலோர் தடுப்பூசியும் போட்டவர்கள். போலி மாத்திரையில் 4.4 சதவீதம் பேருக்கு ஃப்ளூ, மருந்தில் 0.4. கார்குழலி அவர்களின் அத்தைக்குப் பொருந்தும் எண்கள் இவைதான். பாலோக்சாவிர் என்ற புது மருந்தை 2018-19இல் ஜப்பானில் ஃப்ளூ நோயாளி உள்ள வீடுகளில் மற்றவர்களுக்கு ஒரே ஒரு வேளை கொடுத்தார்கள். 13.6 சதவீதம் 1.9 ஆகக் குறைந்தது. சேலஞ்ச் ஆய்வு வாசற்படிதான், வீடு அதற்கு அப்பால் இருக்கிறது.


சாதிக்

வாசற்படி என்பதை ஒப்புக்கொள்கிறேன். சில நேரம் அது தவறான வீட்டுக்கும் கூட்டிப் போகிறது. ஜெனென்டெக் நிறுவனத்தின் ஓர் ஆன்டிபாடி (வைரஸைப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதம்) மருந்து, சேலஞ்ச் ஆய்வில் வைரஸை அபாரமாகக் குறைத்தது. உண்மையாகவே ஃப்ளூவால் மருத்துவமனையில் படுத்திருந்தவர்களிடம் ஓசெல்டாமிவிரோடு சேர்த்துக் கொடுத்தபோது கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. இளம் வயதினரின் மூக்கில் வைரஸ் அளவு குறைவது ஒன்று, நுரையீரல் வரை இறங்கிய நோயில் உயிர் பிழைப்பது இன்னொன்று.

நாட்டிங்காம் பேராசிரியர் ஜோனதன் வான்-டாம் தலைமையில் 2013இல் ஓர் ஆய்வு நடந்தது. வைரஸ் ஏற்றப்பட்டவர்களை நலமானவர்களோடு நான்கு நாள் ஒரே அறைகளில் உட்கார வைத்தார்கள், சாப்பிட வைத்தார்கள், விளையாட வைத்தார்கள். 75 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் தொற்றியது. மூக்கில் விட்ட வைரஸ் உண்டாக்கும் நோய், ஊருக்குள் பரவும் நோயின் நிழல் மாதிரிதான் என்று எனக்கு அதிலிருந்து தோன்றுகிறது. பிரபு பட்ட அந்த இரவை நான் சிறுமைப்படுத்தவில்லை. அவர் பட்டதற்கு உரிய அளவு கேள்வியைத்தான் அந்த ஆய்வில் கேட்க வேண்டும் என்கிறேன்.


இளம்பரிதி

அங்கே நீங்கள் சொல்வது சரி. கேள்வியின் அளவு சிறியது. 'இந்த மருந்தை இன்னும் ஆயிரம் பேருக்குக் கொடுத்துப் பார்க்கும் அளவுக்கு ஏதாவது இருக்கிறதா, எந்த அளவு மருந்து?' என்ற கேள்வி. அதற்குமேல் அதை வைத்து விளம்பரம் செய்தால் நானும் உங்கள் பக்கம்.

அண்மை உதாரணம் ஒன்று. சனாமிவிர் என்ற பழைய ஃப்ளூ மருந்தின் மூலக்கூறை நீண்ட நாள் உடலில் தங்கும்படி மாற்றி, ஒரே ஊசியில் ஒரு பருவம் முழுக்கத் தடுக்கப் பார்க்கும் சிடி388 என்ற மருந்து. லண்டனில் சேலஞ்ச் ஆய்வில் சிறு எண்ணிக்கையில் பார்த்தார்கள். அப்புறம் 5,000 பேருக்கு மேல் ஊருக்குள் பார்த்து, 2025இல் முடிவு சொன்னார்கள்: அதிக அளவு கொடுத்தவர்களிடம் 24 வாரத்தில் ஃப்ளூ 76 சதவீதம் குறைவு. நேராக ஊருக்குள் போவது எளிதல்ல. 2023இல் வேறொரு நிறுவனத்தின் ஆன்டிபாடி ஊசியை ஏறக்குறைய 3,000 பேருக்குப் போட்டுப் பார்த்து, பலன் இல்லை என்று கைவிட்டார்கள்.


மல்லிகா

பிரபு தம்பி, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். உனக்குக் கொடுத்தது மருந்தா, போலி மாத்திரையா? கடைசியில் சொன்னார்களா?


பிரபு

இல்லை சிஸ்டர். அன்றைக்குத் தெரியக் கூடாது, அது விளங்குது. ஆய்வு முடிந்து ஒரு வருடம் கழித்து மின்னஞ்சல் போட்டேன். பதில் வரவில்லை. இன்னொருக்கா போட்டேன், 'உரிய பிரிவுக்கு அனுப்பியுள்ளோம்' என்று ஒரு வரி வந்தது. அத்தோடு சரி. அந்த மருந்து கடைக்கு வந்ததா, கைவிட்டார்களா என்றும் தெரியாது. எனக்குக் காய்ச்சல் வந்தபடியால் வெறும் மாத்திரையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியாது.

பணம் போதும் என்று யாரும் நினைத்திருக்கலாம். ஆனால் பதினொரு இரவு அங்கே கிடந்தது எதற்கு என்று அறிய எனக்கு ஆசை இருக்கிறது.


கார்குழலி

இளம்பரிதி சார், உங்கள் குழுவுக்கு வரும் படிவங்களில் இதற்கு ஒரு வரி இருக்கிறதா?


இளம்பரிதி

பதில் எழுதும் முன் எழுந்து போய் அலமாரியில் இருந்த கடைசி ஆறு படிவங்களை எடுத்துப் பார்த்தேன். 'முடிவுகள் அறிவியல் இதழ்களில் வெளியிடப்படலாம்' என்று எல்லாவற்றிலும் இருக்கிறது. கலந்துகொண்டவருக்குச் சொல்வோம் என்று ஒன்றில்கூட இல்லை. அந்த ஆறிலும் என் கையெழுத்து இருக்கிறது.

அடுத்த கூட்டம் 14ஆம் தேதி. ஒரு வரி சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுக்கப் போகிறேன். பிரபு, அங்கே கிடந்தவர் நீங்கள். என்ன வார்த்தையில் இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.


பிரபு

யோசித்துப் பார்த்தேன். எனக்கு இவ்வளவு எழுதியிருந்தால் போதும்:

'ஆய்வு முடிந்து ஆறு மாதத்துக்குள், உங்களுக்குக் கொடுத்தது மருந்தா இல்லையா என்பதையும், மருந்து வேலை செய்ததா இல்லையா என்பதையும், உங்கள் மொழியில் உங்களுக்குக் கடிதமாக எழுதுவோம். மருந்தைக் கைவிட்டாலும் எழுதுவோம்.'


கார்குழலி

சார், அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தம்பி சொல்லி எழுதுகிறேன்: 'கையெழுத்துப் போடும் முன் உங்கள் கையில் ஊசித் தழும்பு இருக்கிறதா என்று பார்ப்போம். இருந்தால் கேட்போம்.'